பெரியப்பா மிஷினுக்குச் சூடு ஆகாது

என் கணவரின் பெரியப்பா ஒரு பொருளைக் கொடுத்தால், கொடுத்த கையை அதன் மேலிருந்து எடுக்கவே மாட்டார். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். அதற்குப் பிறகு உழவர்கரையில் எங்கள் வாடகை வீட்டுக்கு எப்போது வந்தாலும் முதலில் கடிகாரத்தின் முகத்தைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் என் முகம். கடையிலிருந்து வந்தபோது கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்காருவார். இருக்கும். அது மஞ்சளாகிச் சுருங்கி, முள் எது எண் எது என்று தெரியாமல் போய் வெகுநாளாகியிருந்தது. மணி என்ன என்று யாராவது கேட்டால் என் கணவர் அந்தக் கடிகாரத்தின் அடியில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார்.

பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எங்கள் ஊரில் இவர்களை சொல்தா என்போம். டவுனில் சொந்த வீடு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோட்டு, சாயங்காலம் மற்ற சொல்தாக்களோடு திடலில் இரும்புக் குண்டு வீசும் பெத்தாங் ஆட்டம். அவர் வீட்டில் மனிதர்களைவிடச் சாமான்கள் நன்றாக உடுத்தியிருக்கும். டிவிக்கு லேஸ் வைத்த உறை. ஃபிரிட்ஜுக்குத் தலையில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, அந்தப் பிளாஸ்டிக்கில் தூசி படாமலிருக்க மேலே ஒரு கைக்குட்டை. சோபாவில் உட்கார்ந்தால் பாலிதீன் நம்மைப் பார்த்து முனகும். வெயில் காலத்தில் எழுந்திருக்கும்போது தொடையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இந்த மனிதரிடம்தான் என் கணவர் மரம் அறுக்கும் மிஷினை இரவல் கேட்கப் போனார்.

கேட்கவேண்டிய நிலைமை. அவர் வேலை பார்த்த அட்டைப்பெட்டி கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் இருந்தார். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை முதலில் பழுதாகாத சாமான்களையெல்லாம் பழுது பார்ப்பார், அது முடிந்ததும் பொண்டாட்டியின் சமையலைப் பழுது பார்க்க ஆரம்பிப்பார். நர்சரிப் பள்ளியில் குழந்தைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு நான் வாங்கிய சம்பளத்தில் வீடு ஓடியது. ஓடியது என்று பெருமைக்குச் சொல்கிறேன், ஊர்ந்தது.

மழை விட்ட பிறகு தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் தன் சவுக்குத் தோப்பை வெட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டார். அங்கெல்லாம் சவுக்கு வெட்டுவது கோடாலிக்காரர்களின் வேலை. கூட்டமாக வந்து தோப்பிலேயே சமைத்துச் சாப்பிட்டு வெட்டி முடித்துவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் அவர்கள் வேறு தோப்புகளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் நேராகப் போய், "எங்க பெரியப்பாகிட்ட மிஷின் இருக்கு, நானே அறுத்துக் குடுத்துடறேன்" என்று வாயை விட்டுவிட்டு வந்தார்.

தோப்புக்காரர் நறுக்கென்று பேசுகிற ஆள். "பங்குனி முடியறதுக்குள்ள எல்லா மரமும் லாரி ஏறிடணும் தம்பி. ஏத்திட்டேன்னா என் மத்தத் தோப்பும் வருஷா வருஷம் உனக்குத்தான். இல்லன்னா கோடாலிக்காரங்க வர்ற வரைக்கும் நான் காத்துக்குனு இருக்கேன், நீ இந்தப் பக்கம் வராத" என்றார். அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொன்னபோது என் கணவரின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. இந்தத் தோப்பு மட்டும் கைக்கு வந்துவிட்டால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம்.

பெரியப்பா அந்த மிஷினை பிரான்சில் மகனைப் பார்க்கப் போனபோது தள்ளுபடியில் வாங்கி வந்திருந்தார். அவர் வீட்டில் மரம் என்று சொல்லத்தக்கது தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி. ஆனாலும் தள்ளுபடி. வாங்கி வந்ததை டவுனில் சீட் கவர் தைக்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், அளவெடுக்கச் சொல்லி, மெரூன் நிற ரெக்ஸினில் உறை தைத்து வாங்கியிருந்தார். ஓரமெல்லாம் வெள்ளைப் பைப்பிங், முதுகில் ஜிப், அடி பட்டால் தாங்குவதற்கு உள்ளே கனமான ஸ்பாஞ்சு. அறுக்கும் பட்டைக்கும் புகை வருகிற இடத்துக்கும் கைப்பிடிகளுக்கும் ஓட்டை விட்டிருந்தது. பெட்ரோல் மூடிக்கு ஒரு மடிப்பு. இழுத்து ஸ்டார்ட் பண்ணும் கயிற்றுக்குச் சின்னதாக ஒரு இரும்பு வளையம். மற்றபடி மிஷின் கழுத்துவரை போர்த்திக்கொண்டிருந்தது.

"கவரக் கழட்டக் கூடாது" என்று சொல்லித்தான் பெரியப்பா கொடுத்தார்.

"வேல செய்யும்போதுமா பெரிப்பா?" என்று என் கணவர் கேட்டார். அந்த அளவுக்காவது கேட்டாரே என்று இன்றுவரை எனக்கு ஆறுதல்.

"வேல செய்யும்போதுதான்டா கீறல் விழும். சும்மா இருக்கும்போது எவன் வந்து கீறப் போறான்?"

அதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் அன்று எங்களுக்குத் தோன்றியது.

முதல் நாள் நானும் வேடிக்கை பார்க்கத் தோப்புக்குப் போயிருந்தேன். கயிற்றை இழுத்ததும் மிஷின் கிளம்பியது. முதல் மரம் சாய்ந்தபோது தோப்புக்காரரே கை தட்டினார். இரண்டாவது, மூன்றாவது எல்லாம் அப்படியே. அதற்கப்புறம்தான் வேலையைக் காட்டியது. சவுக்கு அறுப்பவர் ஒரு மரத்தைச் சாய்த்ததும் மிஷினை அணைக்க மாட்டார். விரலால் அழுத்தும் விசையை மட்டும் விட்டுவிட்டு, அது மெல்ல ஓடிக்கொண்டிருக்க, அடுத்த மரத்துக்கு நடப்பார். அந்த மெல்ல ஓடுவதைத்தான் மெக்கானிக்குகள் ஐடிலிங் என்கிறார்கள். எங்கள் மிஷின் குளிர்ந்திருக்கும்போது ஐடிலிங்கில் சமர்த்தாக நின்றது. சூடேறியதும், விசையை விட்ட மாத்திரத்தில் ஏறி இறங்கி, இருமி, இழுத்து, அடுத்த மரத்தை எட்டுவதற்குள் அணைந்துவிடும். பிறகு என்ன இழுத்தாலும் வராது. ஒரு பீடி நேரம் நிழலில் வைத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

அன்று மத்தியானத்துக்குமேல் என் கணவர் மரம் அறுத்த நேரத்தைவிடக் கயிறு இழுத்த நேரம் அதிகம். தோப்புக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

சேதி திடலுக்குப் போனது. பெத்தாங் ஆடும் சொல்தாக்கள் குண்டுகளைக் கீழே போட்டுவிட்டு ஆலோசனை நடத்தினார்கள். எல்லாரும் சேர்ந்து வாழ்நாளில் ஒரு முருங்கைக் கிளைகூட வெட்டியதில்லை. ஆனால் யோசனைக்குப் பஞ்சம் இல்லை. ஒருவர், "ரலாந்தி சரியில்ல" என்றார். ஐடிலிங் சரியில்லை என்பதை பிரெஞ்சில் சொன்னார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு வியாதியைக் கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார். இன்னொருவர் பூழி என்றார், அதாவது பிளக். வேறொருவர், இந்த ஊர் எஸ்ஸான்ஸ் ஆகாது, பிரான்சு எஸ்ஸான்ஸாக இருந்தால் இப்படி நடக்காது என்றார். பிரான்சிலிருந்து பெட்ரோலை எப்படிக் கொண்டுவருவது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. குளிர் தேசத்து மிஷின், வெயிலுக்குப் பழகிக்கொள்ளக் கொஞ்ச நாள் கொடுக்கவேண்டும் என்றார் ஒருவர். மிஷினுக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுங்கள் என்று அவர் சொல்லாமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

வீராம்பட்டினத்தில் பெண் கொடுத்திருந்த ஒருவருக்குப் படகு என்ஜின் தெரியும். தெரியும் என்றால், மருமகன் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறார். "போட்டு என்ஜின் ஏன் சூடாவறது இல்ல? தண்ணியிலயே கெடக்குது. இதுக்கும் ஈரச்சாக்கப் போத்து" என்றார். பெரியப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. மறுநாள் என் கணவர் கிணற்றில் நனைத்த சாக்கை மெரூன் ரெக்ஸினுக்கு மேல் போர்த்தி, அதைச் சணல் போட்டுக் கட்டி, சவுக்கு மரத்தடியில் நின்றார். மிஷின் அன்று முன்னைவிடச் சீக்கிரமாக அணைந்தது. சாக்கிலிருந்து ஆவி வந்தது. நான் பார்க்கவில்லை, அவரே வந்து சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் உலையில் அரிசியைப் போட்டேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு டூவீலர் மெக்கானிக் இருந்தார். மிஷினை அவரிடம் கொண்டுபோனோம். அவர் உறையின் ஜிப்பை மெதுவாகத் திறந்து, கழற்றி, மடித்து, ஸ்டூல் மேல் வைத்துவிட்டு மிஷினை மேசையில் ஏற்றினார். பிளக்கைப் பிடுங்கித் தேய்த்தார். கார்புரேட்டரைத் திறந்து ஊதினார். பிறகு ஓடவிட்டார். ஓடியது. டீ வாங்கி வந்து குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, வேறு ஒரு வண்டிக்கு பிரேக் கட்டை மாற்றி முடிக்கும்வரை அதே மேசையில் அதே சுருதியில் ஓடியது.

"அருமையா நிக்கிதே அண்ணே. எங்க கொறன்றீங்க?"

"தோப்புல நிக்க மாட்டேங்குதே" என்றார் என் கணவர்.

"தோப்புல காத்து வேற மாதிரி" என்றார் மெக்கானிக். பிறகு உறையை எடுத்து, குழந்தைக்குச் சட்டை போடுவதுபோல் ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்து மாட்டி, ஜிப்பை இழுத்தார். "இன்னா தையலு! எங்க தச்சீங்க?" என்று கேட்டுக் கடையின் பெயரையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் தோப்பில் அது வழக்கம்போல அணைந்தது. மறுபடி மெக்கானிக்கின் மேசை. மறுபடி உறையைக் கழற்றினார், அற்புதமாக ஓடியது. மூன்றாவது தடவை கொண்டுபோனபோது மெக்கானிக் என் கணவரை ஒரு மாதிரி பார்த்தார். மிஷின் சரி, ஆள்தான் சரியில்லை என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டது எனக்கே தெரிந்தது. அந்த முடிவு சீக்கிரமே திடலுக்கும் போய்ச் சேர்ந்தது. "பிடிக்கத் தெரியல அவனுக்கு" என்று பெரியப்பா சொன்னாராம். இந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என் கணவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே சாப்பிட ஆரம்பித்தார், என்னைப் பார்ப்பதில்லை. அவர் கையில் கயிறு இழுத்த காய்ப்பு. இரவல் மிஷினுக்கு இருந்த ஸ்பாஞ்சு இந்தக் கைக்கு இல்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பங்குனி பிறந்துவிட்டது. தோப்பில் பாதிக்குமேல் நின்றுகொண்டிருந்தது. தோப்புக்காரர் கோடாலிக்காரர்களுக்கு ஆள் அனுப்பிவிட்டதாகப் பேச்சு வந்தது.

அந்தச் சமயத்தில் உறையின் ஜிப் பிய்ந்துபோயிற்று. மெக்கானிக் மேசையில் இத்தனை தடவை திறந்து மூடினால் அது என்ன செய்யும்? என் கணவர் பதறிப்போய் அதை சீட் கவர் கடையில் கொடுத்துவிட்டு, பெரியப்பாவுக்குத் தெரியாமல் இருக்கவேண்டுமே என்ற நடுக்கத்தோடு மிஷினைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு தோப்புக்குப் போனார். சாயங்காலம் அவர் வந்த வேகத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன்.

"ஒரு தடவகூட அணையல" என்றார். "காலையில இழுத்தது, பெட்ரோல் ஊத்த மட்டும்தான் நிறுத்தினேன். ஒரு தடவகூட."

அன்று அவர் தட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சாப்பிட்டார். திடலில் வெற்றி விழா. பூழி என்று சொன்னவர் பிளக் மாற்றியதால்தான் என்றார். வெயிலுக்குப் பழக நாள் கொடு என்று சொன்னவர், பார்த்தாயா, பழகிவிட்டது என்றார். பெரியப்பா அன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டாராம். எல்லாருக்கும் பங்கு போனது.

ஜிப் மாற்றிய உறை மறுநாள் காலையிலேயே வந்தது. அன்றைக்கே மிஷின் அணைந்தது.

அடுப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் நான் கேட்டேன், "நேத்திக்கும் இன்னிக்கும் இன்னாங்க வித்தியாசம்?"

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். அதே பெட்ரோல். அதே எண்ணெய்க் கலவை. அதே பிளக். நேற்று புளிச்சோறு கொண்டுபோனார், இன்று தயிர்ச்சோறு. அதையும் சொன்னார். நான் அப்போது சட்னிக்காக மிக்ஸியின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பழைய நைட்டியில் நானே தைத்தது. அரைக்கும் நேரத்தில் அதைக் கழற்றிவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"கவரு கடையில இருந்துச்சு இல்ல?" என்றேன்.

இரண்டு பேரும் மிஷினைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உறையோடு ஓடவிட்டு, ஒரு பழைய கட்டையை அறுத்துச் சூடாக்கினார். விசையை விட்டதும் இருமி அணைந்தது. உறையைக் கழற்றினோம். உள்ளே ஸ்பாஞ்சு தீய்ந்து கருகி, தொட முடியாத சூடு. கயிறு இழுக்கும் பக்கத்தில் மீன் செவுள்போல வரிசையாகத் துவாரங்கள் இருந்தன. உள்ளே இருக்கும் விசிறிக்கு அந்த வழியாகத்தான் காற்று போகவேண்டும். இத்தனை நாளும் அது மெரூன் ரெக்ஸினை மோந்துகொண்டிருந்திருக்கிறது. ஆறியபின் உறையில்லாமல் ஓடவிட்டோம். அறுத்தார், விட்டார், மெல்ல ஓடியது. மறுபடி அறுத்தார், விட்டார், ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல் எட்டிப் பார்த்து, போதும் நிறுத்துங்கள் என்று கத்தும்வரை ஓடியது.

நான் சிரித்த சிரிப்பில் கொடியில் காய்ந்த துணியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. திடலும் மெக்கானிக்கும் பிரான்சு எஸ்ஸான்ஸும் ஈரச்சாக்கும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், என் கணவர் உறையை எடுத்து மிஷினுக்கு மாட்டி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றீங்க?"

"பெரிப்பா கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இந்த மனிதருக்கு வியாதி தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது. பெரியப்பாவிடம் போய் உங்கள் உறைதான் காரணம் என்று ஒரு வாக்கியம் சொல்வதைவிட, வாழ்நாள் முழுக்கக் கயிறு இழுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அப்பா இல்லாத பிள்ளையைப் பெரியப்பா படிக்கவைத்தார் என்பது உண்மை. அந்தப் படிப்பின் மேலேயும் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டித்தான் கொடுத்திருக்கிறார் போலும். "தோப்பு போயிடும்ங்க" என்றேன். "நான் பாத்துக்கறேன்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்றால், தோப்புக்குள் போனதும் நாலு பக்கமும் பார்த்துவிட்டு உறையைக் கழற்றிப் புதரில் ஒளித்து வைப்பார். சாயங்காலம் மிஷினைத் துடைத்து, போர்த்தி, ஜிப்பை இழுத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வீடு திரும்புவார். திருட்டு சிகரெட் பிடிப்பவன் ஏலக்காய் மெல்லுவது மாதிரி. ஆனால் மரங்கள் சாய்ந்தன. தோப்பு வேகமாகக் காலியாகிக்கொண்டு வந்தது. கடைசி வரிசைகள்தான் பாக்கி, சனிக்கிழமை லாரி வருகிறது என்ற நிலைமைக்கு வந்தோம்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. சாப்பாடு எடுத்துக்கொண்டு நானும் போனேன். தோப்புக்காரர் லாரிக்காரரோடு வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், மண் பாதையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கோட்டும் தொப்பியுமாகப் பெரியப்பா இறங்கினார். கழுத்தில் கேமரா. தன் மிஷின் வேலை செய்வதைப் படமெடுத்து பிரான்சில் மகனுக்கு அனுப்பவேண்டுமாம்.

என் கணவர் மரத்தடியில், உறையில்லாத மிஷினைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அது பாட்டுக்கு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது? கவரு எங்க?"

புதரிலிருந்து எடுத்து வந்து காட்டினார். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிஷினைச் சுற்றி வந்தார். பிசினும் மரத்தூளும் கீறலுமாக இருந்தது. மரம் அறுக்கும் மிஷினில் மரத்தூள் இருந்ததற்கு அவர் வாடிப்போனதைப் பார்க்க வேண்டுமே. "கொழந்த மாதிரி வச்சிருந்தேன்" என்றார். "போடு. மொதல்ல கவரப் போடு."

நான் என் கணவரைப் பார்த்தேன். இப்போது சொல்லுங்கள், இதுதான் நேரம் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் மிஷினை அணைத்து, குனிந்து, உறையை மாட்டி ஜிப்பை இழுத்தார்.

பிறகு நடந்ததைச் சொல்லவே வேண்டாம். ஏற்கெனவே சூடாக இருந்த மிஷின். ஒரு மரம் சாய்ந்தது. பெரியப்பா படம் எடுத்தார். விசையை விட்டதும் இருமி அணைந்தது. என் கணவர் கயிற்றை இழுத்தார். இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். லாரிக்காரர் மணி பார்த்தார். தோப்புக்காரர் வரப்பிலிருந்து இறங்கி வந்து, "இன்னா தம்பி, திரும்பவுமா?" என்றார்.

அவருக்குப் பெரியப்பா பதில் சொன்னார். "மிஷின்ல ஒரு கொறையும் இல்லீங்க. பிரான்சு சாமான். இவனுக்குப் பிடிக்கத் தெரியல, சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்."

என் கணவர் தலையைத் தூக்கவில்லை. கயிற்றைப் பிடித்த கை மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. கிளை கழிக்க வைத்திருந்த கத்தி அடிமரத்தில் குத்தி நின்றிருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு போய், ரெக்ஸினைக் கழுத்திலிருந்து அடிவரை ஒரே இழுப்பாக இழுத்தேன். வெள்ளைப் பைப்பிங் கொஞ்சம் முரண்டு பிடித்தது, அதையும் அறுத்தேன். உரித்த உறையைக் கீழே போட்டுவிட்டு, "ஆறட்டும், அப்புறம் இழுங்க" என்றேன்.

ஒரு பீடி நேரம் கழித்து ஒரே இழுப்பில் மிஷின் கிளம்பியது. அதற்குப் பிறகு அணையவே இல்லை. பெரியப்பா குனிந்து இரண்டு துண்டாகிப்போன உறையைப் பொறுக்கி, தூசி தட்டி, மடித்து, ஆட்டோவில் வைத்தார். ஏறுமுன் என் கணவரிடம், "நாளைக்குக் காலையில மிஷின் வூட்டுக்கு வந்துடணும்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கடைசி மரமும் சாய்ந்தது. லாரி போனதும் தோப்புக்காரர் என் கணவரின் தோளைத் தட்டி, "வைகாசியில அடுத்த தோப்பு, வந்துடு" என்றார்.

நான் ஒரு பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் மிஷினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே, "பெரிப்பா மனசு இன்னா பாடு படும்?" என்றார். என் மனசு என்ன பாடு பட்டது என்று கேட்க ஆளில்லை.

காலையில் இரண்டு பேரும் மொபெட்டில் டவுனுக்குப் போனோம். மிஷின் என் மடியில் இருந்தது. பெரியப்பா பூசைக்குப் போய்விட்டு வந்து, கோட்டைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. அந்த சோபாவுக்கு அது நல்லதுதான்.

"மிஷின நீயே வச்சுக்கடா" என்றார் எடுத்த எடுப்பில். நாங்கள் திகைத்துப்போனோம். "எனக்கு இன்னாத்துக்கு அது? உன் தொழிலுக்கு ஆவட்டும். ஆனா உன் பொண்டாட்டி இங்க, எம் முன்னாடி நின்னு, ஒரு பர்தோன் சொல்லட்டும். நான் செஞ்சது தப்பு மாமான்னு சொல்லட்டும். அவ்வளவுதான்."

என் மனசில் கணக்கு ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அடுத்த தோப்பு கையில் இருக்கிறது, மிஷின் இல்லாமல் அது வெறும் பேச்சு. ஒரு பர்தோனில் என் வாய் தேய்ந்துவிடாது. தப்பு என்று நான் நினைக்கவில்லை, ஆனால் நினைக்காததைச் சொல்லிப் பழகாத மருமகள் எந்த ஊரில் இருக்கிறாள்? முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு அடி முன்னால் வைத்து, வாயைத் திறந்தேன்.

"அவ சொல்ல மாட்டா பெரிப்பா."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"இன்னாடா?"

"அவமேல தப்பு இல்ல. மிஷின்லயும் தப்பு இல்ல. எனக்கும் பிடிக்கத் தெரியும். ஸ்பாஞ்சு வச்சுக் காத்த அடச்சா எந்த மிஷினும் மூச்சு முட்டித்தான் நிக்கும். உங்க கவருதான் பெரிப்பா. இந்தாங்க உங்க மிஷின்."

என் கையிலிருந்து மிஷினை வாங்கி, லேஸ் விரிப்பு போட்ட மேசை மேல் வைத்தார். மேசை விரிப்பில் எண்ணெய் படுமே என்று அந்த நிலைமையிலும் பெரியப்பாவின் கண் அங்கே போனதைப் பார்த்தேன். அதற்குமேல் அங்கே எங்களுக்கு வேலை இல்லை.

மொபெட்டில் ஏறியதிலிருந்து நான் திட்டிக்கொண்டே வந்தேன். வாய் வரைக்கும் வந்த பர்தோனைக் கெடுத்தீர்களே, நேற்று தோப்பில் நாலு பேர் முன்னால் வராத வீரம் இன்று மிஷின் கைக்கு வருகிற நேரம் பார்த்தா வரவேண்டும், இனி எதை வைத்து மரம் வெட்டுவீர்கள், பல்லை வைத்தா என்று கேட்டேன். கோடாலிக்காரர்களைப் போய்ப் பார்க்கிறேன், அவர்களோடு சேர்ந்து வெட்டுகிறேன் என்றார். அப்படித்தான் வைகாசியில் வெட்டினார். உள்ளங்கை பிய்ந்து கட்டுப் போட்டுக்கொண்டு வெட்டினார். சொந்தமாக ஒரு பழைய மிஷின் வாங்கியது அதற்கு வெகுகாலம் பின்னால். ஆனால் அந்தக் காலையில் அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, கையில் ஒன்றுமே இல்லை.

மேம்பாலத்துக்குக் கிட்டே வரும்போது எனக்கு மூச்சு வாங்கியது. திட்டுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னிக்கு இப்படிப் பேசப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"எனக்கே தெரியாது" என்றார் திரும்பாமல். "பர்தோன் கேக்க நீ வாயத் தொறந்ததப் பாத்தேன். அதப் பாக்க முடியல."

அதற்குப் பிறகு நான் திட்டவில்லை. அவர் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உழவர்கரை வரும்வரை அழுதுகொண்டே வந்தேன், காற்றில் தூசி விழுந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.